செயின் கவர் எங்கே போச்சு? ஒரு காஞ்சிபுரம் சைக்கிளின் வரலாறு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, நீளத்தை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "ஆபீஸ் போக ஒரு சைக்கிள் வாங்கணும். எது வாங்கலாம்? கியர் வேணுமா, வேணாமா?" வரலாறு பேசற பாட்காஸ்ட்ல வந்து இதை ஏன் கேக்கறாங்கனு முதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் தோணுச்சு, இதே கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பா பதில் கண்டுபிடிச்சிருக்கேன். அதுக்கு எங்க அப்பா அம்மா விலை கொடுத்திருக்காங்க. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. வீட்டுக்குள்ளயே தறி. தாத்தா நெய்தார், அப்பாவும் அம்மாவும் நெய்யறாங்க, நான் கோடு எழுதறேன். 2022-ல ஆபீஸ் மறுபடி திறந்ததும், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க பொன்னேரிக்கரை வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. பைக்ல போகலாம்தான், ஆனா நாள் முழுக்க உக்காந்தே வேலை பார்க்கறவனுக்கு இதாவது உடற்பயிற்சியா இருக்கட்டும்னு சைக்கிள் வாங்க முடிவு பண்ணேன். பத்து வீடியோ பார்த்து, ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, மார்க் கொடுத்து, ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். இருபத்தோரு கியர், டிஸ்க் பிரேக், பளபளப்பு இல்லாத கறுப்பு.

அப்பா அதை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, செயினுக்கு மேல ஒண்ணுமே இல்ல. கடைசியா ஒரே கேள்விதான் கேட்டார். "இதுல பாவை எங்கடா வைப்பே?"

நான் எதுக்குப்பா பாவு தூக்கப் போறேன், நான் ஆபீஸுக்குல்ல போறேன்னு சொன்னேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அப்பாவுக்குக் காய்ச்சல். நெய்து முடிச்ச சேலை ஒண்ணை சங்கத்துல கொடுக்கணும், நான்தான் எடுத்துட்டுப் போனேன். அங்க பாய்ல உக்காந்துதான் சேலையை விரிச்சுக் காட்டணும். சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு முனையை மடியில வெச்சு விரிச்சேன். என் பேண்டோட வலது கால் விளிம்புல செயின் எண்ணெய் அப்பியிருந்ததை நான் கவனிக்கல. மாம்பழ மஞ்சள் நிறச் சேலை, அதுல ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. கூலியில பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல, அந்தச் சேலையை அவங்க யார்கிட்ட விப்பாங்க? ஆனா அது ரெண்டு பேரோட பதினாறு நாள் வேலை. அப்பா திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லனு இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுப் பின்பக்கம் நின்னுட்டிருந்த தாத்தாவோட சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். துருப்பிடிச்சுக் கிடந்தாலும், முன் பல்சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் செயினை முழுசா மூடின தகரக் கவர் அப்படியே இருந்துச்சு. 20 கிலோவுக்கு மேல எடை இருக்கற அந்தப் பழைய சைக்கிள்ல இருந்த ஒரு பொருள், என்னோட புது சைக்கிள்ல இல்ல. அதை முதல்ல யார் மாட்டினாங்க? அப்புறம் யார் கழட்டினாங்க? இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

கறுப்பு சைக்கிள் எங்கிருந்து வந்தது

இப்ப நாம சைக்கிள்னு சொல்ற வடிவம் 1885-ல இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துல வந்துச்சு. ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' சைக்கிள். அதுக்கு முன்னாடி முன்சக்கரம் ஆள் உயரம், பெடல் நேரா அந்தச் சக்கரத்துலயே இருக்கும். விழுந்தா தலை குப்புறத்தான். ஸ்டார்லி ரெண்டு சக்கரத்தையும் கிட்டத்தட்ட சம அளவாக்கி, பெடலை நடுவுல வெச்சு, செயின் மூலமா பின்சக்கரத்தைச் சுத்த வெச்சார். மூணு வருஷத்துல, 1888-ல, டன்லப் காத்தடிக்கிற டயரைக் கொண்டுவந்தார். குலுக்கலும் குறைஞ்சது.

பாதுகாப்பு வந்துச்சு, கூடவே ஒரு புதுப் பிரச்சினையும் வந்துச்சு. ஆளோட காலுக்குப் பக்கத்துலயே எண்ணெய் தடவின ஒரு செயின் ஓடுது. போட்டிக்கு ஓட்டறவனுக்கு அது பெரிய விஷயமில்ல. ஆனா தபால்காரர், குமாஸ்தா, போலீஸ்காரர், பாதிரியார்னு வேலைக்குப் போறவங்க கையில சைக்கிள் போனதும், போய்ச் சேர்ற இடத்துல உடுப்பு சுத்தமா இருக்கணும். அதனாலதான் செயினைப் பெட்டிக்குள்ள மூடினாங்க. சன்பீம்னு ஒரு இங்கிலாந்துக் கம்பெனி, செயின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளயே ஓடற மாதிரி மூடின கவருக்காகவே பேர் வாங்குச்சு. அதோட மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, விளக்கு, பெல் எல்லாம் சேர்ந்து ரோட்ஸ்டர்ங்கிற ஒரு வகையே உருவாச்சு. 28 அங்குலச் சக்கரம், சாய்வான ஃபிரேம், நிமிர்ந்து உக்கார்ற ஹேண்டில்பார், வயருக்குப் பதிலா கம்பியால இழுக்கற பிரேக். சாய்வான ஃபிரேம் மண்ரோட்டோட அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கும். நிமிர்ந்து உக்காந்தா ரோடு நல்லா தெரியும், முதுகும் வலிக்காது.

இதெல்லாம் ரேஸுக்காக யோசிச்சது இல்லனு கவனிங்க. "தினமும் ஒரே ஆள், ஒரே ரோடு, மழையும் சேறும், போற இடத்துல மரியாதையா நிக்கணும்" என்கிற கணக்குக்குப் போட்ட டிசைன். எங்க துறை மொழியில சொன்னா, ரெக்வயர்மென்ட் ரொம்பத் தெளிவா இருந்துச்சு.

அந்த சைக்கிள் அப்படியே காலனி நாடுகளுக்கு வந்தது. நாட்டிங்காமில் இருந்து ராலே, பர்மிங்காமில் இருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பி.எஸ்.ஏ.ங்கிறது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்த கம்பெனி, அதனாலதான் சின்னத்துல மூணு துப்பாக்கி. பேண்ட் போட்ட ஆங்கிலேயக் குமாஸ்தாவுக்காக வந்த செயின் கவர், இங்க வேட்டி கட்டின வாத்தியாரைக் காப்பாத்துச்சு. பேண்ட் மாட்டினா அழுக்குதான் ஆகும், வேட்டி மாட்டினா ஆளே விழுவார்.

அம்பத்தூர்

முதல்ல சைக்கிள் இங்க அதிகாரிகளோட, வசதியானவங்களோட பொருள். அது சாதாரண வீட்டுக்குள்ள வந்ததுக்கு உள்நாட்டு உற்பத்தி முக்கியக் காரணம். 1949-ல முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினாங்க. அம்பத்தூரில் தொழிற்சாலை. பர்மிங்காம் பேர்களான ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அதுக்கப்புறம் சென்னைக்குப் பக்கத்துலயே செய்யப்பட்டன. அதே காலத்துல வங்காளத்துல அசன்சோல் பக்கம் சென்-ராலே, வடக்கே சோனிபட்டில் அட்லஸ், 1956-ல லூதியானாவில் ஹீரோ.

அப்பவும் எல்லாராலயும் வாங்க முடியல. அதுக்குத்தான் ஒவ்வொரு ஊர்லயும் வாடகை சைக்கிள் கடை இருந்துச்சு. மணிக்கணக்குல எடுத்து ஓட்டிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். எங்க அப்பா அப்படி எடுத்த சைக்கிள்லதான் குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டார். சீட்ல உக்காந்தா கால் எட்டாத பையன், பாருக்குக் கீழ காலை நுழைச்சு, உடம்பை ஒரு பக்கமா வளைச்சு மிதிக்கிறது. இதை நாம செல்லமா நினைவு வெச்சிருக்கோம். ஆனா அந்த சைக்கிள் அந்த உடம்புக்காகச் செஞ்சதில்லங்கிறதுக்கு இதுதான் சாட்சி.

பட்டு ஊர் என்ன ஏத்துச்சு

ஒரு ஊர்ல என்ன தொழில் நடந்துச்சுனு அங்க ஓடின சைக்கிளோட கேரியரைப் பார்த்தே சொல்லலாம். பால்காரர் ரெண்டு பக்கமும் கேன் தொங்கவிட கொக்கி போட்டிருப்பார். அவருக்கு எடைதான் பிரச்சினை. பட்டு வேற மாதிரி. எடை கம்மி, மதிப்பு அதிகம். நனையக் கூடாது, மடங்கக் கூடாது, அழுக்கு படவே கூடாது.

காஞ்சிபுரத்துல நெசவு ஒரே கூரைக்குக் கீழ நடக்கற தொழில் இல்ல. பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்தும், ஜரிகை சூரத்துல இருந்தும் வரும். சாயம் ஒரு இடம். பாவு போடறது ஒரு இடம், விடியற்காலையில தெருவோட நீளத்துக்கு இழுத்துக் கட்டி அதுக்குக் கஞ்சி போடுவாங்க. தறி இன்னொரு வீட்டுல, சேலை போய்ச் சேர்றது சங்கத்துக்கோ முதலாளி கடைக்கோ. இது எல்லாத்தையும் சேர்த்துக் கட்டின நூல் சைக்கிள்தான். பிள்ளையார்பாளையம் மட்டும் இல்ல, வாலாஜாபாத் ரோட்டுல இருக்கற முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை மாதிரி ஊர்கள்லயும் தறி ஓடுது. அங்கிருந்து எட்டு, பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வந்து, சேலையைக் கொடுத்து, கூலி வாங்கி, அடுத்த பாவையும் ஊடைக்கு நூலையும் ஜரிகையையும் கட்டிக்கிட்டுப் போவாங்க.

ஒரு பாவுல வழக்கமா மூணு சேலை. அதாவது அந்த கேரியர்ல போனது ஒரு குடும்பத்தோட ஒன்றரை மாசச் சாப்பாடு. தாத்தாவோட கேரியர்ல ஒரு பலகை, பலகை மேல பழைய வேட்டித் துணி, கட்டறதுக்குப் பழைய டியூபைக் கீத்து கீத்தா வெட்டின ரப்பர். பின் மட்கார்டோட நுனியில தொங்கற ரப்பர் துண்டு, பின்னாடி வர்றவங்க மேல சேறு அடிக்காம இருக்க. எந்த வீடியோவும் பார்க்காம, ஒவ்வொண்ணும் ஒரு நஷ்டத்துல இருந்து கத்துக்கிட்டு மாட்டினது. ஹேண்டில்பாருக்குக் கீழ ஒரு தகர வில்லையும் இருந்துச்சு. சைக்கிளுக்கு வருஷா வருஷம் நகராட்சிக்கு வரி கட்டின காலம் ஒண்ணு உண்டு. வில்லை இல்லாம போனா, ராத்திரி விளக்கில்லாம போனா, டபுள்ஸ் போனா போலீஸ் பிடிக்கும். அதனால டைனமோ ஆடம்பரம் இல்ல, அபராதத்துல இருந்து தப்பிக்கற வழி. ஒரே குறை, வண்டி நின்னா வெளிச்சமும் நின்னுடும்.

பார் யாருக்கு

இதுவரைக்கும் நான் சொன்னதுல எல்லாருமே ஆம்பளைங்கனு கவனிச்சீங்களா? எங்க வீட்டுல பாதி சேலையை நெய்தது பாட்டி. பாட்டி வாழ்நாள்ல சைக்கிள் ஓட்டினதே இல்ல. சேலையை சங்கத்துக்குக் கொண்டுபோனது, கூலியைக் கையில வாங்கினது தாத்தா. சைக்கிள் யார்கிட்ட இருந்துச்சோ அவங்ககிட்டதான் காசும் வந்துச்சு.

பெண்களுக்கான சைக்கிள் இங்கிலாந்தில் 1880-களின் கடைசியிலேயே வந்துடுச்சு. நீளப் பாவாடைக்காக மேல் பாரை எடுத்துட்டு, ஃபிரேமைத் தாழ்வா வளைச்சாங்க. பின்சக்கரத்துக்கு வலை மாட்டினாங்க. நம்ம ஊர் லேடீஸ் சைக்கிள் அதோட வாரிசு. இன்னிக்கு பைக் வாங்கினா பின்னாடி சேலை கார்டு வருதே, அதுக்குப் பின்னாலயும் இதே யோசனைதான். பின்சக்கரத்துல பாதியாவது மூடின பாதுகாப்பு இருக்கணும்னு மோட்டார் வாகன விதியே சொல்லுது.

ஆனா ஃபிரேமை வளைச்சது மட்டும் போதல. அதுக்கு நம்ம மாநிலத்துலயே பெரிய உதாரணம் புதுக்கோட்டை. 1991-ல அங்க அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்துச்சு. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார், சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு பண்ணார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிள்ல புதுக்கோட்டைத் தெருக்கள்ல போனாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். அதுல எனக்குப் பிடிச்ச தகவல், லேடீஸ் சைக்கிள் கடையில தீர்ந்துபோச்சு, காத்திருக்க முடியாதுன்னு பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினாங்க. சிலர் அதுதான் வசதினே சொன்னாங்க. ஏன்னா அந்தப் பார்ல குழந்தையை உக்கார வைக்கலாம். யாரோ ஒருத்தர் பெண்களுக்கு வேணாம்னு எடுத்த பாரை, அவங்க வேற வேலைக்குப் பயன்படுத்திக்கிட்டாங்க.

இன்னொரு கதவும் இருந்துச்சு. தமிழ்நாட்டுல பல கிராமங்கள்ல தலித் மக்கள் ஆதிக்க சாதித் தெருவுல சைக்கிள் ஓட்டிட்டுப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும். அந்த வரலாற்றை வெச்சுப் பாருங்க. 2001-02-ல தமிழக அரசு இலவச சைக்கிள் திட்டத்தை ஆரம்பிச்சப்போ, முதல்ல கொடுத்தது 11, 12-ம் வகுப்பு படிச்ச ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு. அப்புறம்தான் அது எல்லா மாணவிகளுக்கும், மாணவர்களுக்கும் விரிஞ்சது. எங்க அக்காவுக்குப் பதினொண்ணாவதுல ஒண்ணு கிடைச்சுது. எங்க வீட்டுப் பெண்கள்ல சொந்தமா வண்டி வெச்சிருந்த முதல் ஆள் அக்காதான்.

யார் கழட்டினாங்க

சரி, செயின் கவருக்கு வருவோம். அது போனதுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கு. நாம இன்னிக்கு கியர் சைக்கிள்னு வாங்கறதுல, செயின் ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குப் பக்கவாட்டுல தாவும். தாவற செயினை ஒடுக்கமான பெட்டிக்குள்ள மூட முடியாது. ஆனா கியர்னாலே செயின் தாவணும்னு கட்டாயம் இல்ல. 1902-லயே இங்கிலாந்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு கியரையும் பின்சக்கர அச்சுக்குள்ள அடக்கிட்டாங்க. அதுல செயின் நேர்கோட்டுல ஓடும், கவரும் போடலாம். ஆக, இருபத்தோரு கியரைத் தேர்ந்தெடுத்தப்பவே என் பேண்ட் அழுக்காகறதையும் நான் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கேன். அதை எந்த ரிவ்யூவும் சொல்லல.

ரெண்டாவது காரணம் சமூகம். 2011 கணக்கெடுப்புல இந்தியாவுல 44.8 சதவீத வீடுகள்ல சைக்கிள் இருந்துச்சு, மோட்டார் இருசக்கர வண்டி இருந்தது 21 சதவீதம். ஆனா வேலைக்கு எதுல போறீங்கனு கேட்டப்போ ரெண்டும் ஏறக்குறைய சமம், சுமார் 13 சதவீதம். அந்தக் கேள்வியை விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இருக்கறவங்ககிட்ட கேக்கல. வீட்டுத் தறியில நெய்து, சைக்கிள்ல சேலை கொண்டுபோற எங்க அப்பா மாதிரி ஆள் அந்தக் கணக்குலயே வரல. காசு கொஞ்சம் சேர்ந்தவங்க மொபெட், பைக்னு போயிட்டாங்க. சைக்கிள் ஒரு பக்கம் ஏழையோட வண்டி, இன்னொரு பக்கம் ஞாயித்துக்கிழமை விளையாட்டு. விளையாட்டுக்கு எதுக்கு கேரியர்? கடையில பளபளன்னு நிக்கற சைக்கிள் எல்லாம் அந்த ரெண்டாவது ஆளுக்காகச் செஞ்சது. நான் முதல் ஆளோட வேலைக்கு அதை வாங்கினேன்.

சரி, எதை வாங்கறது?

இப்ப உங்க கேள்விக்கு. முதல்ல என்ன ஏத்தப் போறீங்க, போய்ச் சேரும்போது உடுப்பு எப்படி இருக்கணும், உங்க உயரம் என்ன. இந்த மூணையும் எழுதுங்க, மாடலை அப்புறம் பாருங்க.

காஞ்சிபுரம், சென்னை மாதிரி தட்டையான ஊர்ல அஞ்சாறு கிலோமீட்டருக்கு கியரே தேவையில்ல. மேம்பாலம் இருந்தா மூணு கியர் போதும், அதுவும் அச்சுக்குள்ள இருக்கற வகை கிடைச்சா நல்லது. முழுசா மூடின செயின் கவர், முடியலன்னா மேல் பாதியாவது மூடினது. ரெண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு. லேப்டாப்பை முதுகுல மாட்டாதீங்க, கேரியர்ல கட்டுங்க, பாதி வியர்வை அங்கயே குறையும். ஸ்டாண்டு, பெல், பூட்டு, முன்னாடி வெள்ளை விளக்கு, பின்னாடி சிவப்பு. இதெல்லாம் தனித்தனியா வாங்கினா வர்ற செலவைச் சேர்த்துட்டு விலையை ஒப்பிடுங்க.

நான் தாத்தா சைக்கிளையே ஓவர்ஹால் பண்ணேன். அதுல ஒரு பாடம். பழைய ரோட்ஸ்டர் டயரும் 28 அங்குலம், புது ஹைபிரிட் டயரையும் 28-னுதான் சொல்றாங்க. ஆனா பழைய ரிம் 635 மில்லிமீட்டர், புதுசு 622. ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. டயர் மேல பொறிச்சிருக்கற எண்ணைப் பார்த்து வாங்குங்க. கம்பி பிரேக் மழையில நனைஞ்ச இரும்பு ரிம்ல சரியாப் பிடிக்காது, அதனால தாத்தா காலத்துக்குத் திரும்பிப் போங்கனு நான் சொல்லல. மழைக்காலத்துல மெதுவாப் போறேன். டைனமோவைக் கழட்டிட்டு சார்ஜ் பண்ற விளக்கு மாட்டிட்டேன். எங்க அக்காவுக்கு இந்த ஃபிரேம் உயரம், ஏறவே முடியாது. அவளுக்கு இது நல்ல சைக்கிள் இல்ல.

2019-ல அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளும் எங்க பக்கம் தெருவுல பைக்கை நகர்த்தவே முடியல. அப்ப அப்பா இந்த சைக்கிளைத்தான் கூட்டத்துக்கு நடுவுல தள்ளிட்டும் ஓட்டிட்டும் சங்கத்துக்குப் போய் வந்தார். அன்னிக்கு எனக்கு அது பரிதாபமா தெரிஞ்சது.

இப்ப காலையில நான் கிளம்பும்போது சில நாள் அப்பா நிறுத்துவார். துணியில சுத்தின சேலையை கேரியர் பலகையில வெச்சு, டியூப் ரப்பரை ரெண்டு சுத்து சுத்தி, இழுத்துப் பார்ப்பார். அப்புறம் குனிஞ்சு செயின் கவரை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார். சாயங்காலம் நான் கூலியைக் கொண்டுவந்து அம்மா கையில கொடுப்பேன்.

உங்க வீட்டுல தாத்தாவோ பாட்டியோ இருந்தா, அவங்க வீட்டு சைக்கிள் கேரியர்ல என்ன கட்டிட்டுப் போனாங்கனு கேளுங்க. குரல்பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்த்துக்கலாம். பார்த்துப் போங்க.